ஒரு கம்பி கெபாப்பின் போசாக்குப் பெறுமானம்

ஜனவரி இருபதாம் திகதி செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து மணிக்கு, பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில், ஊவா போசாக்குப் பெறுமான நிர்ணய அலகின் கூட்டம் நடைபெற்றது. வந்திருந்தவர்களும் அமர்ந்திருந்த இடங்களும் வருமாறு.

யன்னலோரம், சுழலும் கதிரையில், பணிப்பாளர் திரு. றுஷாந்தன். கதிரை சுழல்வதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. ஆயினும் சுழலும் கதிரை என்றே பொருட்பதிவேட்டில் இருக்கிறது. அவருக்கு வலப்பக்கம், விலங்குசார் உணவுப் பிரிவின் உத்தியோகத்தர் ஜனாப் ஸரூக். இடப்பக்கம், தாவரசார் உணவுப் பிரிவின் உத்தியோகத்தர் செல்வி லக்ஷிகா. எதிரே, பிளாஸ்டிக் முக்காலியில், விண்ணப்பதாரர் ஜெஸீமா. பஸ் நிலையத்து உணவு வரிசையில் மூன்றாவது கடை இவருடையது. மேசையின் நடுவில், வெள்ளைப் பீங்கானில், இவர் கொண்டுவந்த மாதிரி. கதவருகே சிற்றூழியர் றினாஸ், கையில் தண்ணீர்ப் போத்தலுடன். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே, நின்றபடி, அந்தோனிமுத்து ஆகிய நான். எனக்குக் கதிரை ஒதுக்கப்படவில்லை.

நான் அலகின் ஊழியன் அல்ல. அலகின் வாசலில் குடையும் மேசையும் போட்டு, மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன். அலகின் தட்டெழுத்தாளர் பதவி மூன்று வருடமாக வெற்றிடமாக இருப்பதால், காலையில் மேலே போய் அலகின் கடிதங்களை எழுதுவேன். மத்தியானத்துக்குப் பிறகு கீழே இறங்கி, அந்தக் கடிதங்களுக்கு மக்களின் பதில்களை எழுதுவேன். எதை எழுதினாலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஹாலிஎல பாடசாலையில் எங்கள் ஆசிரியர் பழக்கிவிட்டார். ஆகவே கீழே வருவன எல்லாம் பிரதிகளைப் பார்த்து எழுதியவை.

விடயம் இதுதான். நகரில் சமைத்த உணவு விற்கும் ஒவ்வொருவரும், தம் உணவின் போசாக்குப் பெறுமானத்தைப் பலகையில் எழுதிக் கடையில் தொங்கவிட வேண்டும் என்று அலகு சுற்றுநிருபம் அனுப்பியிருந்தது. வடைக்காரர், ரொட்டிக்காரர், அவித்த கடலைக்காரர் எல்லோருக்கும் வேலை சுலபமாக முடிந்தது. அவர்களுடைய உணவுகளுக்குப் பெறுமானம் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. இருந்தாலும் மாதிரி கேட்கப்பட்டது. மாதிரி தீர்ந்த பின்னரே புத்தகம் திறக்கப்பட்டது.

ஜெஸீமாவின் உணவு புத்தகத்தில் இல்லை. ஒரு கம்பியில் வெங்காயம், மாட்டிறைச்சி, கறிமிளகாய், மாட்டிறைச்சி, தக்காளி, மறுபடி மாட்டிறைச்சி என்று மாற்றி மாற்றிக் கோத்துத் தணலில் வாட்டுவது. ஐந்து துண்டு இறைச்சி, ஆறு துண்டு மரக்கறி. ஊரில் எல்லோரும் கெபாப் என்பார்கள்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பீங்கானைப் பார்த்தார்.

"எங்களிடம் இரண்டு படிவங்கள் இருக்கின்றன. ஏழு அ, விலங்குசார் உணவு. ஏழு ஆ, தாவரசார் உணவு. உங்களுடையது எது?"

"ரெண்டும்தான் சேர்" என்றார் ஜெஸீமா.

"இரண்டும் என்று ஒரு படிவம் இல்லை அம்மா."

"சோறும் கறியும் சாப்பிடுறோமே சேர், அதுவும் கலப்புத்தானே?"

"அது தட்டில் கலக்கிறது. தட்டு எங்கள் அதிகாரத்துக்குள் வராது. நீங்கள் கம்பியிலேயே கலந்துவிட்டீர்கள். இது தயாரிப்பு நிலைக் கலப்பு. இந்த அலகு ஆரம்பிக்கப்பட்டது முதல் நான் ஒரு கொள்கையில் உறுதியாக இருக்கிறேன். மக்களுக்குச் சத்து முக்கியம். ஆனால் அதைவிட முக்கியம், அந்தச் சத்து எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்பது. பிரிவு தெரியாத சத்து உடம்பில் போய் என்ன செய்யும்? வழி தெரியாமல் நிற்கும்."

இதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கும்படி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சேர்த்தேன்.

ஜெஸீமாவுக்கு விளங்கவில்லை. விளங்காதபோது வேலையைப் பற்றிப் பேசுவது அவர் வழக்கம். "இறைச்சி மட்டும் கோத்தா கருகிரும் சேர். பக்கத்துல தக்காளி, வெங்காயம் இரிந்தாத்தான் தண்ணி விட்டு மெதுவா வேகும். கிளினிக்ல மிட்வைஃப் மிஸ்ஸும் சொன்னாங்க, இறைச்சில இரிக்கிற இரும்புச்சத்து உடம்புல புடிக்கோணுமெண்டா கறிமிளகாய், தக்காளி மாதிரி ஒண்டு சேர்ந்து போகோணுமாம். அதுக்குத்தான் மாத்தி மாத்திக் கோக்கிறது."

"அது அவருடைய திணைக்களத்தின் கருத்து" என்றார் பணிப்பாளர்.

பின்னர் விதி பதினொன்று வாசிக்கப்பட்டது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் முன் உறுப்பினர்கள் மாதிரியைப் புலன்சார் மதிப்பீடு செய்ய வேண்டும்: நிறம், மணம், மென்மை, சுவை. எஞ்சியதை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நிறமும் மணமும் அரை நிமிடத்தில் முடிந்தன. ஜனாப் ஸரூக் தம் பிரிவைச் சேர்ந்த ஒரு துண்டைக் கம்பியிலிருந்து உருவினார். மென்று, கண்ணை மூடி, "ஒண்டுல முடிவுக்கு வரேலாது" என்றார். இரண்டாவதிலும் வர இயலவில்லை. மூன்றாவதில், "தாத்தா, இதுக்கு என்ன போட்டு ஊற வெச்சீங்க?" என்று கேட்டார். விண்ணப்பதாரரை அக்கா முறை வைத்துத் தாத்தா என்று அழைத்தது ஒழுங்குக்கு மாறானது என்பதால் அது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

"தயிரும் இஞ்சியும், கொஞ்சம் பப்பாசிக்காயும் மகன்."

செல்வி லக்ஷிகா தம் பிரிவிலிருந்து ஒரு கறிமிளகாயையும் ஒரு தக்காளியையும் இரண்டு வெங்காயத்தையும் மதிப்பிட்டார். "தாவரசார் உணவில் இவ்வளவு இறைச்சி வாசம் வரக்கூடாது. ஆனா நல்லா இருக்கு" என்பது அவருடைய அறிக்கை. எஞ்சிய இரண்டு இறைச்சித் துண்டுகளும், அவற்றை அடுத்திருந்த கறிமிளகாயும் தக்காளியும் இரு பிரிவுகளின் எல்லையில் இருப்பதால், அவை இணைப்பதிகாரி என்ற முறையில் பணிப்பாளரிடம் போயின.

ஜெஸீமா பீங்கானைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பார்த்தார்.

"சேர், இனி என்னத்த அனுப்புவீங்க?"

"எஞ்சியதை."

"ஒண்டும் மிஞ்சேல்லையே சேர்."

"எவ்வளவு எஞ்ச வேண்டும் என்று விதியில் இல்லையே அம்மா. விதியில் இல்லாததை நாங்கள் செய்யத் தொடங்கினால், நாளைக்கு யார் யார் என்னென்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்."

றினாஸ் வழக்கப்படி கம்பியைக் கழுவித் துடைத்து உறையில் போட்டார். நான் கடிதம் எழுதினேன். கூட்டம் பதினொன்றே காலுக்கு நிறைவுற்றது.

இரண்டு வாரத்தில் பண்டாரவளையிலுள்ள ஆய்வுகூடத்திலிருந்து அறிக்கை வந்தது. புரதம் பூச்சியம். கொழுப்பு பூச்சியம். மாச்சத்து பூச்சியம். உயிர்ச்சத்துகள் காணப்படவில்லை. அடியில் ஒரு குறிப்பு: 'மாதிரி மிகவும் சுத்தமாகப் பேணப்பட்டிருந்தது. பாராட்டுகள்.'

பணிப்பாளர் பாராட்டை மட்டும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார். பெறுமானம் பலகையில் எழுதப்பட்டு, அலகின் இலச்சினையுடன் ஜெஸீமாவின் கடையில் தொங்கியது:

கெபாப், கம்பி ஒன்று. மொத்தப் போசாக்கு: 0.

கடை மூடப்படும் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் மாலை பார்த்தால், வரிசை பஸ் நிலையத்தில் எல்லவுக்குப் போகும் பஸ் நிற்கும் இடம் வரை நீண்டிருந்தது. சீனி வருத்தக்காரர்கள், பிரஷர்காரர்கள், கல்யாணத்துக்கு முன் மெலிய வேண்டிய பிள்ளைகள், காலையில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நடக்கும் ஓய்வுபெற்ற அதிபர்கள், எல்லோரும் நின்றார்கள்.

"அரசாங்கமே சீல் அடிச்சுக் குடுத்திருக்கு, ஒண்ணுமே ஏறாதாம்" என்று ஒருவர் தம் மனைவிக்கு ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் நான்காவது கம்பி. "ஆமா, எத்தன சாப்புட்டாலும் பூச்சியந்தான். நாலப் பூச்சியத்தால பெருக்கிப் பாரேன்."

ஜெஸீமா சிரித்துக்கொண்டே விசிறினார். விற்பனை நன்றாக இருந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

அந்தச் சிரிப்பு வியாழக்கிழமை அகஸ்டினா வரும்வரை இருந்தது.

அகஸ்டினா தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஐந்து மாதம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் அட்டையில் சிவப்பில் எழுதியிருந்தார்கள். வியாழன்தோறும் கிளினிக் முடிந்து, பஸ் ஏறுமுன் ஜெஸீமாவிடம் இரண்டு கம்பி வாங்கி, பாண் துண்டுகளுடன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். அன்று கடைக்கு முன்னால் வந்து, பலகையை ஒரு தடவை வாசித்தார். பிறகு இன்னொரு தடவை.

"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லீங்களா?"

"என்ன புள்ள இல்ல? எல்லாம் இரிக்குது. இந்தா, சூடா இரிக்கு."

"பலகையில பூச்சியம்னு போட்டிருக்கேக்கா. மிட்வைஃப் மிஸ்ஸு இறைச்சியும் மரக்கறியும் சேத்து சாப்புடு, ரத்தம் ஊறும்னாங்க. நானும் இத்தன நாளா இதத்தான் தின்னுட்டிருந்தேன். ரத்தம் ஏறலேன்னு அவுங்க ஏசுறாங்க. இப்பதானே வெளங்குது."

"அது அவங்க கம்பியப் பாத்து எழுதினது புள்ள! சும்மாவே தாரேன், சாப்பிடு."

"சும்மா குடுத்தாலும் வேணாங்க்கா. கோவிக்காதீங்க. உள்ள புள்ள இருக்கு, வயித்துல எடம் கொஞ்சந்தான். அதுல பூச்சியத்தப் போட்டு ரொப்ப முடியுங்களா?"

அகஸ்டினா பக்கத்துக் கடையில் ஒரு பைக்கட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பிஸ்கட் பெட்டியின் பலகையில் நானூற்று எண்பது என்று எழுதியிருந்தது.

ஜெஸீமா விசிறியைக் கீழே வைத்துவிட்டு நேரே என் குடைக்கு வந்தார்.

"அண்ணே, கடிதம் எழுதுங்க. வேணும்டவள் போறாள், வேணாம்டவன் எட்டுத் திங்கிறான். இதென்ன நியாயம்?"

எழுதினேன். மறுநாள் காலை மேலே போனபோது பணிப்பாளர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, "யார் எழுதியதோ தெரியவில்லை, நல்ல கை. இதற்குக் கடுமையாக ஒரு பதில் எழுதுங்கள் முத்து" என்றார். கடுமையாக எழுதினேன். அதன் சாரம்: உணவு என்பது போசாக்கு உள்ள பொருள் என்று விதி இரண்டு கூறுகிறது; உமது பொருளில் போசாக்கு இல்லை என நிறுவப்பட்டுள்ளது; ஆகவே அது உணவு அல்ல; உணவு அல்லாததை உணவு வரிசையில் விற்க முடியாது; மார்ச் பதினைந்துக்கு முன் கடையை அகற்றவும்; விரும்பினால் குடை திருத்துபவருக்கும் சாவி வெட்டுபவருக்கும் இடையில் ஓர் இடம் தரப்படும்.

அன்று பின்னேரம் ஜெஸீமா அந்தக் கடிதத்தோடு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாருங்கண்ணே, எவனோ ஒருத்தன் ஈரமே இல்லாம எழுதியிருக்கிறான்."

"எழுத்தாளன் என்ன செய்வான் தங்கச்சி, சொன்னதைத்தானே எழுதுவான்" என்றேன். பிறகு அவனுக்கு எதிராக இரண்டு பக்கம் எழுதினேன்.

அதற்கு வந்த பதிலில் (அதையும் நான்தான் எழுதினேன்) ஒரு சலுகை இருந்தது. மேன்முறையீடாகப் புதிய மாதிரி ஒன்று சமர்ப்பிக்கலாம். ஒரே ஒரு தடவை. தினத்தை விண்ணப்பதாரர் முன்மொழியலாம். குறித்த தினம் எக்காரணம் கொண்டும் மாற்றப்படாது. 'ஒரே ஒரு தடவை' என்பதையும் 'எக்காரணம் கொண்டும்' என்பதையும் அடிக்கோடிடும்படி பணிப்பாளர் பணித்தார். அடிமட்டம் வைத்துக் கோடிட்டேன்.

"புது மாதிரி குடுத்தாலும் அவங்க தின்னுட்டுத்தானே அனுப்புவாங்க?" என்று கேட்டார் ஜெஸீமா. "நூறு கம்பி குடுத்தாலும் நூறையும் கழுவித்தான் அனுப்புவாங்க."

அவர் என் மேசையிலிருந்த கலண்டரை இழுத்துத் தாளைப் புரட்டினார். பெப்ரவரியை விட்டார். மார்ச்சில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார்.

"ஆறாம் திகதி போடுங்க. வெள்ளிக்கிழமை."

எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த வருடம் தவக்காலமும் ரமழான் நோன்பும் ஒரு நாள் முன்பின்னாகத் தொடங்குகின்றன. மார்ச் ஆறாம் திகதி ஜனாப் ஸரூக்குக்கும் றினாஸுக்கும் நோன்பு. அதே நாள் பணிப்பாளருக்கும் லக்ஷிகாவுக்கும் எனக்கும் தவக்கால வெள்ளி. இறைச்சிப் பக்கம் போக மாட்டோம். நிமிர்ந்து ஜெஸீமாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் தெரியாதவர் போல் முக்காட்டைச் சரி செய்தார்.

"நல்ல நாள்தானே அண்ணே?"

"நல்ல நாள்" என்றேன்.

மேலே பணிப்பாளர் கலண்டரைப் பார்க்காமலே கையெழுத்திட்டார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் பெட்டியில் அன்று நாற்பது கடிதம் இருந்தது.

மார்ச் ஆறாம் திகதி முற்பகல் பத்து மணி. வந்திருந்தவர்கள் முன்போலவே, முன்பிருந்த இடங்களிலேயே. ஒரே மாற்றம், றினாஸின் கையில் தண்ணீர்ப் போத்தல் இல்லை.

ஜெஸீமா கீழே கடையில் அப்போதுதான் வாட்டி எடுத்து, வாழையிலையால் மூடிக் கொண்டுவந்தார். "நோன்பு, உப்புப் பாக்கேல்ல சேர், கை அளவுதான்" என்று சொல்லி இலையை எடுத்தார்.

ஆவி எழுந்து மேசையைச் சுற்றி வந்தது. ஜனாப் ஸரூக் தம் நாற்காலியை யன்னல் பக்கம் திருப்பி, எதிரே இருந்த மலையில் மிகுந்த அக்கறை காட்டினார்.

"புலன்சார் மதிப்பீடு" என்றார் பணிப்பாளர், தாழ்ந்த குரலில். "ஸரூக்?"

"நோன்பு சேர்."

"லக்ஷிகா? உங்கள் பிரிவு தாவரம்தானே?"

"சேர், அந்தத் தக்காளிக்குள்ள இறைச்சித் தண்ணி இறங்கியிருக்கு. போன தடவை நானே அறிக்கையில எழுதிட்டேன். இன்னைக்கு வெள்ளி."

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டேன். றினாஸைப் பார்த்தார். றினாஸ் தரையைப் பார்த்தார்.

"நாளை சனிக்கிழமை ஒரு விசேட கூட்டம் வைத்தால் என்ன?"

ஜெஸீமா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். "எக்காரணம் கொண்டும் மாத்தப்படாதெண்டு போட்டிருக்குது சேர். கோடும் போட்டிருக்குது."

பணிப்பாளர் எழுந்தார். பேசத் தொடங்கியபோது அவர் குரலில் உண்மையான துயரம் இருந்தது.

"இந்த அலகு இதுவரை நாற்பத்திரண்டு உணவுகளை நிர்ணயம் செய்திருக்கிறது. நாற்பத்திரண்டையும் நாங்கள் நேர்மையாக, எங்கள் உடல்நலத்தையும் பாராமல், கடைசித் துண்டு வரை மதிப்பிட்டோம். எனக்குக் கொலஸ்ட்ரோல் வந்ததே இந்தச் சேவையில்தான். அப்படியிருக்க, முதல் முறையாக ஒரு மாதிரியை முழுதாக ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதா? அவர்கள் அதைத் திறந்து பார்த்து, இத்தனை காலம் மற்றவை எங்கே போயின என்று கேட்டால், நான் என்ன சொல்வேன்?"

இதைக் குறிப்பில் சேர்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஆகவே குறிப்பில் இல்லை.

அனுப்ப விதி இடம் கொடுக்குமா என்று தேடப்பட்டது. விதிகளைத் தட்டெழுதியவன் நான். பதினொன்று இ என்று ஒன்று உண்டு என்றேன். உறுப்பினர்கள் விரும்பாவிடில் மதிப்பீடு அவசியமில்லை. அந்தப் பக்கத்தை யாரும் இதுவரை திறக்காததால் அடுத்த பக்கத்தோடு ஒட்டியிருந்தது. லக்ஷிகா தலையிலிருந்த ஹெயார் பின் ஒன்றால் பிரித்தார்.

"சரி. ஆனால் எந்தப் படிவத்தில் அனுப்புவது?" என்றார் பணிப்பாளர். அவருக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை வந்தது போலிருந்தது. "ஏழு அ-வா, ஏழு ஆ-வா? அது தீரும்வரை..."

"சேர்" என்று ஜெஸீமா முக்காலியிலிருந்து எழுந்தார். மேசையிலிருந்த படிவங்களில் அ ஒன்று, ஆ ஒன்று, மறுபடி அ ஒன்று, ஆ ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினார். குண்டூசிப் பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்து எல்லாவற்றையும் குத்திக் கோத்தார். "இப்படித்தான் சேர். நான் வேற ஒண்டும் செய்யேல்ல."

பணிப்பாளர் படிவக் கட்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். விதியில் இதற்குத் தடை இல்லை.

"இத முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்று ஜனாப் ஸரூக் மலையிடம் சொன்னார்.

மாதிரி ஐஸ் பெட்டியில் வைக்கப்பட்டது. முழுக் கம்பி, பதினொரு துண்டும் கண் முன்னால் எண்ணி வைக்கப்பட்டன. நான் கடிதத்தை எழுதி முடித்து, அரக்கை மெழுகுதிரியில் பிடித்தேன்.

"ஒரு நிமிஷம் அண்ணே." ஜெஸீமா கூடையிலிருந்து இன்னொரு பொதியை எடுத்தார். ஈயத்தாளில் சுற்றிய நான்கு கம்பி. "ஆய்வுகூடத்துல இரிக்கிற ஆக்களுக்கும் புலன் இரிக்கும்தானே. திறந்ததும் வாசம் போகும். பாவம், அவங்களால அடக்கேலாம போனா, இந்தக் கம்பியும் கழுவி வந்துடும். இது அவங்க திங்கிறதுக்கு. நோன்பாளி இரிந்தா பின்னேரம் வெச்சு நோன்பு திறக்கட்டும்."

பணிப்பாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தடை எதுவும் கிடைக்காததால் மூடி வைத்தார்.

கடிதத்தின் அடியில் எழுதினேன்: 'இணைப்பு 1: கெபாப், கம்பி ஒன்று. பரிசோதிப்பதற்கு, உண்ண வேண்டாம். இணைப்பு 2: கெபாப், கம்பி நான்கு. உண்பதற்கு, பரிசோதிக்க வேண்டாம்.'

அரக்கையும் முத்திரையையும் பையில் போட்டு, இன்னும் முத்திரையிடாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஜெஸீமாவும் பஸ் நிலையத்துக்கு இறங்கினோம். கடையருகே பெஞ்சில் அகஸ்டினா உட்கார்ந்திருந்தார். சந்தைக்கு வந்தவர். "வெள்ளிக்கெழம, நான் திங்க வரலீங்க்கா" என்றார் முந்திக்கொண்டு. "பலகை எப்ப மாறும்னு கேக்கத்தான் வந்தேன். அந்த பிஸ்கட்டு நெஞ்சக் கரிக்குது."

"அடுத்த வியாழன் வா புள்ள. மாறாட்டி நானே அழிச்சு எழுதுறேன்."

பண்டாரவளை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கொண்டக்டர் ஐஸ் பெட்டியை வாங்கி, மூக்கை அருகில் கொண்டுபோனார்.

"உள்ள என்னா ஐயா?"

"அரசாங்கக் கடிதம்."

"கடிதம் நல்லா மணக்குதே" என்றவர், மூடியின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

ஜெஸீமா என் முழங்கையைப் பிடித்தார். பெட்டியைத் திரும்ப வாங்கினேன். கடையின் மேசையில் வைத்துக் கடிதத்தை எடுத்து, மூன்றாவது வரியாக, 'இணைப்பு 3: கெபாப், கம்பி இரண்டு. கொண்டுவரும் கொண்டக்டருக்கு, வழியிலேயே கையளிக்கப்பட்டது' என்று சேர்த்துத் திகதியிட்டேன். ஜெஸீமா தணலிலிருந்து இரண்டு கம்பியை எடுத்துப் பாணில் வைத்து அவர் கையில் கொடுத்தார். நான் கடிதத்தை உறையிலிட்டு, தணல் ஓரத்தில் அரக்கை உருக்கி, உறையில் ஒரு முத்திரை, பெட்டி மூடியில் இரண்டு முத்திரை வைத்தேன். அரக்கு ஆறும்வரை கொண்டக்டர் மென்றுகொண்டே பொறுமையாக நின்றார்.

பிறகு பெட்டியை வாங்கி ஏற்றிவிட்டு விசில் ஊதினார். பஸ் புறப்பட்டது.